விடை சொல்லும் பக்கம்

கணினி, நாம் மனத்தில் எண்ணியதைச் செய்வதில்லை. எழுதியதை அப்படியே செய்கிறது. இந்த வேறுபாட்டை ஆசிரியர் பத்து முறை விளக்கினாலும் மாணவருக்குப் பிடிபடுவது கடினம். ஒரு வரியைத் தாமே எழுதி, அதன் விளைவை உடனே கண்டு, பிழை நேர்ந்த இடத்தைத் திருத்தும்போதுதான் அது விளங்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் இன்று எந்திரம் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நிரலே முடிவு செய்கிறது. அத்தொழிற்பேட்டையை ஒட்டிய ஊரில் தமிழ்வழியில் பயிலும் மாணவர் சி++ பாடத்தைத் தொடங்கும்போது இரண்டு சுமைகளைத் தாங்குகிறார்: ஒன்று, புதிய சிந்தனைமுறை, மற்றொன்று, ஆங்கிலக் கட்டளைச் சொற்கள். இவற்றுள் இரண்டாவதை இறக்கி வைக்க எழுந்த முயற்சியே ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி. முத்து அண்ணாமலை உருவாக்கிய இம்மொழியை 2009-இல் அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை விவரித்தது. என். சொக்கனுடன் இணைந்து அவர் எழுதிய பயிற்சி நூலும் பின்னர் வெளிவந்தது.

எழிலில் ஐந்து எண்களை அச்சிடும் நிரல் இது:

நாள் = 1
@( நாள் <= 5 ) வரை
  பதிப்பி நாள்
  நாள் = நாள் + 1
முடி

இங்கே நிபந்தனை முதலில் நிற்க, ‘வரை’ என்னும் சொல் அதன்பின் வருகிறது. ஆங்கிலச் சொற்களை மொழிபெயர்ப்பதோடு நில்லாமல், தமிழ்த் தொடரின் வரிசையையும் பின்பற்றியிருப்பதே எழிலின் தனிச்சிறப்பு எனலாம்.

இத்தகைய நிரலை இணையப் பக்கத்திலேயே எழுதி இயக்க முடிந்தால், மென்பொருளை நிறுவும் தொல்லை நீங்குகிறது. ஆயினும் பக்கத்தை அமைப்பவர் பலவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மேலுள்ள நிரலில் நான்காம் வரியை ஒரு மாணவர் மறந்துவிட்டால், ‘1’ என்பது முடிவின்றி அச்சாகிக்கொண்டே இருக்கும். நிரல் தொலைவிலுள்ள வழங்கியில் இயங்குமானால், சில நொடிகளில் அதனை நிறுத்தும் ஏற்பாடு இன்றியமையாதது. இல்லையேல் ஒருவரின் மறதி அனைவரின் பாடத்தையும் முடக்கிவிடும். நிரலை உலாவியிலேயே இயக்கினால் அத்தடை அந்த ஒரு கருவியோடு நின்றுவிடும். பிழைச்செய்தியும் அவ்வாறே கருதத்தக்கது. ‘பிழை’ என்று மட்டும் சொல்லும் பக்கம் மாணவரை விரட்டுகிறது. ‘இரண்டாம் வரியில் தொடங்கிய வரை, முடி இன்றி நிற்கிறது’ என்று சொல்லும் பக்கமே கற்பிக்கிறது.

பாடத்தைப் பரப்புவது தனி வேலை. எழுத்துகள் ஒருங்குறியில் இருந்தால்தான் எல்லாக் கருவிகளிலும் சிதையாமல் தெரியும். வீட்டில் கைப்பேசி ஒன்றே கணினியாக இருக்கும் மாணவருக்குப் பக்கம் சிறு திரையிலும் பொருந்த வேண்டும். உலாவியிலேயே இயங்கும் பாடமாயின், முழுவதையும் ஒரு கோப்புறையாக்கி விரலியில் கொடுக்கலாம். இணைப்பில்லாத பள்ளி ஆய்வகத்திலும் அது இயங்கும். அதற்குப் படியெடுக்கும் உரிமையும் வேண்டும். 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பாடங்களை எவரும் பகிரும் உரிமையுடன் தமிழில் வழங்கி வருவது இதற்கு நல்ல முன்மாதிரி.

எழிலோடு நின்றுவிட இயலாது என்பது உண்மையே. தொழிலுலகம் வேறு மொழிகளைக் கேட்கிறது. எழில் மொழிபெயர்ப்பி பைத்தானில் எழுதப்பட்டது. அதன் மூலநிரலும் திறந்தே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் பயிலும் மாணவர், தாம் முன்பு எழுதிய ‘வரை’ உள்ளே எவ்வாறு செயற்படுகிறது என்பதை அந்த மூலநிரலைத் திறந்து தாமே படித்துப் பார்க்கலாம்.