வெக்கை எல்லோருக்கும் பழகிவிடுமா?



ஏசி அறையிலேயே இருப்பவருக்கு 28 டிகிரி வெக்கையாகத் தெரியும். ஜன்னலைத் திறந்து, மின்விசிறிக் காற்றில் பழகியவருக்கு அதுவே இதமாக இருக்கும். பல நாடுகளில் 160 கட்டடங்களின் விவரங்களை ஆராய்ந்து 1998-ல் ரிச்சர்ட் டி டியர், கெயில் பிரேகர் என்ற ஆய்வாளர்கள் இத்தகைய வேறுபாட்டைக் காட்டினார்கள்.

'பழகிவிட்டது' என்பதில் பெரும்பகுதி நாமே செய்துகொள்வதுதான். ஜன்னலைத் திறக்கிறோம், மெல்லிய துணி உடுத்துகிறோம், தண்ணீர் குடிக்கிறோம், சூடான அறையை விட்டு எழுந்து போகிறோம். படுக்கையில் இருக்கும் வாப்பாவாலும் கைக்குழந்தையாலும் இதில் எதையும் தாமாகச் செய்ய முடியாது. முதுமையில் தாகமும் சரியாகத் தெரியாது. ஆகவே, "எனக்குப் பழகிப்போச்சு" என்று உம்மும்மா சொல்வதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

கான்கிரீட் தளம் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் கீழே இறக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் அவர்களைப் படுக்க வைக்க வேண்டாம். ளுஹர் தொழுததும் ஒருமுறை, அஸருக்கு முன் ஒருமுறை போய்ப் பார்த்துத் தண்ணீர் கொடுப்போம். (இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர் சொன்ன அளவு; ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால்.) அறை 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி சூட்டைத்தான் வீசும், ஈரத்துணியால் உடம்பைத் துடைப்போம். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ உடனே 108.