கருங்கல்லும் உடையும்

எங்கள் பள்ளியின் பின்வாசலில், சாக்கடையின் மேல் ஒரு கருங்கல் பலகை கிடந்தது. ஆண்டாண்டு காலமாக எல்லோரும் அதன் மேல்தான் நடந்து வந்தோம். சென்ற ஜூலையில் மணல் ஏற்றி வந்த டிராக்டரின் சக்கரம் அதன் நடுவில் ஏறியதுதான் தாமதம், ‘படீர்’ என்று அது இரண்டாயிற்று. சற்று முன்னர்தான் ஒன்றாம் வகுப்புச் சிறுமியர் வரிசையாக அதைக் கடந்து சென்றிருந்தனர். கருங்கல்லா உடைந்தது என்று திகைத்து நின்றோம்.

கல்லின் வலிமையை ஒன்று என எண்ணியதே நமது பிழை. அமுக்கும் சுமையைத் தாங்குவது ஒரு வலிமை; இழுக்கும் விசையைத் தாங்குவது வேறொரு வலிமை. நல்ல கருங்கல் சதுர சென்டிமீட்டருக்கு 1000 கிலோ கிராம் அமுக்கத்தையும் தாங்கும். இழுவிசையிலோ, ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குதான்; பல கற்களுக்கு அதுவும் இல்லை. நம் சாக்பீஸும் அப்படியே. நட்டுக்கு நிறுத்தி அழுத்தினால் எளிதில் நொறுங்காது. இரு முனையையும் பிடித்து வளைத்தால் நொடியில் ஒடிந்துவிடும்.

இரு கரைகளில் மட்டும் தாங்கி நிற்கும் பலகையின் நடுவே பாரம் ஏறும்போது, அதன் மேற்பக்கம் நெருக்கப்படுகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. ஆகவே விரிசல் அடியிலிருந்தே தொடங்கும். மேலே நடப்பவர் கண்ணுக்கு அது படாது. மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் ஏன் அத்தனை நெருக்கம் என்பதும் எங்களுக்கு அன்றுதான் விளங்கிற்று. கல் உத்தரத்தை நெடுந்தூரம் நீட்ட முடியாது. கற்களை வளைவாக அடுக்கினால் ஒவ்வொரு கல்லும் அமுக்கத்தை மட்டுமே தாங்கும், தூரமும் கூடும்.

உடைந்த முகங்களை உற்று நோக்கினோம். மேற்பகுதி நீலமும் பசுமையும் கலந்த புதிய நிறம். அடியில் துருப்பிடித்தாற்போல் பழுப்புக் கறை. விரிசல் அன்று ஏற்பட்டதன்று. பல ஆண்டுகளாக நீர் அதனுள் புகுந்து வந்திருக்கிறது!

இந்த நீலக் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். சென்னைப் பரங்கிமலையும் இக்கல்லால் ஆனதே. கல்கத்தாவில் புனித யோவான் ஆலய வளாகத்தில் உள்ள ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல் இவ்வினத்தைச் சேர்ந்தது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு என்னும் நிலவியலார் 1893இல் அவர் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். நெருக்கமான படிகங்களால் ஆனதால் இது நீரை மிகச் சிறிதே உறிஞ்சும். மலையாள நாட்டுச் செம்பாறாங்கல்லோ நீரை நன்றாகக் குடிக்கும். ஆனால் அதை வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட இறுகும். அதனால் சுவருக்கு அது ஏற்றது, பலகைக்கு ஆகாது.

புதிய பலகை வாங்கச் சிஸ்டருடன் நாங்கள் நால்வரும் சென்றோம். கல் தச்சர் ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டினார். இரண்டு மணிபோல் ஒலித்தன, மூன்றாவது ‘மொத்’தென்றது. அதை நீரால் நனைத்துத் துடைத்தார். எல்லா இடமும் காய்ந்த பின்னும் மயிரிழை போன்ற ஓர் ஈரக்கோடு எஞ்சி நின்றது. “இது ஆகாதம்மா” என்று ஒதுக்கிவிட்டார்.

பழைய பலகையின் தடிமன் மூன்று அங்குலம். தடிமனை இரட்டித்தால் அதே அகலத்தில் நான்கு மடங்கு பாரம் தாங்கும் என்று கணக்கிட்டு, ஆறு அங்குலக் கல்லையே கேட்டு வாங்கினோம். விலை சற்றுக் கூடுதல்தான். போடுமுன் அடிப்பக்கத்தையும் ஒருமுறை நனைத்துப் பார்த்துவிட்டோம்.