பேயாழ்வார் நட்ட செடியும் நம் மாடித் தொட்டிகளும்



ஐப்பசித் திங்களில் திருவோணம், அவிட்டம், சதயம் என அடுத்தடுத்த மூன்று திருநக்ஷத்ரங்களில் முதலாழ்வார்கள் திருவவதரித்தருளினர். மூவரும் மலர்களில் தோன்றியவர்கள். பொய்கையாழ்வார் திருவெஃகாவில் தாமரையிலும், பூதத்தாழ்வார் கடல்மல்லையில் குருக்கத்தியிலும், பேயாழ்வார் திருமயிலையில் ஒரு கிணற்றுச் செவ்வல்லியிலும் அவதரித்ததாகக் குருபரம்பரை கூறும். அக்கிணற்றின் இடம் மயிலை அருண்டேல் தெருவில் இன்றும் சேவிக்கப்படுகிறது.

சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை வரும் மாதமும் இந்த ஐப்பசியே. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் இவ்வூருக்கு, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி முற்பகுதிக்குள் கிடைத்துவிடுகிறது. ஆகையால் எம்பெருமானுக்கென்று பூச்செடி வைக்க எண்ணும் அடியார்க்கு ஆண்டு சித்திரையில் அன்று, ஐப்பசியில் பிறக்கிறது.

பேயாழ்வார் செடி நட்ட வரலாறு அனைவரும் அறிந்ததே. திருமழிசைப்பிரான் தத்துவம் தேடி வருகையில், வயது முதிர்ந்த ஒருவர் செடியைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தால் நீர் வார்ப்பதைக் கண்டு நகைத்தார். அங்கிருந்து எழுந்த வாதம் அவரைப் பேயாழ்வாரின் சீடராக்கிற்று. இவ்வரலாற்றை ஞானோபதேசமாகவே கேட்டிருக்கிறோம். ஆயினும், ஆழ்வார் உபதேசத்துக்குத் தேர்ந்த கருவி செடியும் குடமும் என்பது நமக்கு இனிக்கிறது. (நீர் வார்க்கும் குடத்தில் ஓட்டை ஆகாது, செடி வைக்கும் தொட்டியில் ஓட்டை இல்லாமலும் ஆகாது. அடைமழையில் நீர் தேங்கினால் திருத்துழாயின் வேர் அழுகிவிடும்.)

நந்தவனக் கைங்கர்யத்தில் ஒரு தர்மசங்கடம் உண்டு. இன்று அதையே சற்று விரிவாக ஆராய விரும்புகிறோம். பெருமாளுக்கென்று வளர்க்கும் செடியைப் புழு தின்கிறது. மருந்தடித்துக் கொல்வதா, விடுவதா?

மழை நின்று தளிர் விடும் காலத்தில் கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் பறவை எச்சம் போன்ற சிறு புழுக்கள் தென்படும். சில நாள்களில் அவை பச்சை நிறம் கொண்டு பருக்கும். ஒரு கிளையையே மொட்டையாக்கும். வங்கியில் நெடுங்காலம் பற்று வரவு பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அது தெளிவான நஷ்டம். ஆனால் இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் புழு கூடு கட்டும். பின்னர் அதிலிருந்து எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி வெளிவரும். செடியோ மீண்டும் தளிர்க்கும். நந்தியாவட்டையில் பெரிய பச்சைப் புழு கண்டாலும் அஞ்ச வேண்டா. அது ஒருவகை அந்துப்பூச்சியின் குழந்தைப் பருவம்.

இவ்விடத்தில் அனந்தாழ்வானை நினைக்க வேண்டும். எம்பெருமானார் நியமனத்தால் திருமலையில் நந்தவனம் அமைத்துப் புஷ்பகைங்கர்யம் செய்தவர் அவர். மலையிலிருந்து இறங்கி வழியில் பிரசாதத்தைத் திறக்கையில், அதில் எறும்புகளைக் கண்டார். திருமலையில் ஏதேனும் ஒன்றாகப் பிறந்து கிடக்க வேண்டும் என்று குலசேகராழ்வார் ஆசைப்பட்டாரன்றோ. அப்படி விரும்பிப் பிறந்தவர்களாயிருந்தால் என் செய்வது என்று, அவ்வெறும்புகளைத் திரும்பக் கொண்டுபோய் மலைமேல் விட்டார் என்பர். தோட்டம் போட்டவரே எறும்புக்கு இத்தனை மரியாதை செய்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். சேதனாசேதனங்கள் யாவும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது நம் ஸித்தாந்தம். அந்தச் சரீரத்தின் ஒரு பகுதியை நஞ்சூட்டி, அதே நஞ்சு படிந்த மலரை அவன் திருமார்பில் சாத்துவது நம் மனத்துக்கு ஒப்பவில்லை. எட்டுப் புஷ்பங்களில் அஹிம்ஸையைப் பெரியோர் முதலில் வைத்ததும் இங்கே நினைவுக்கு வருகிறது.

மாவுப்பூச்சியின் விஷயம் சற்றுக் கடினம். அது செம்பருத்தியையே அழித்துவிடும். நாம் முதலில் நீரைப் பீய்ச்சிக் கழுவுகிறோம். அடங்காவிடில், லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, தேனீக்கள் திரும்பிய பின் அந்தியில் தெளிக்கிறோம். இதுவும் ஹிம்ஸை அன்றோ எனில், ஆம். இதற்கு மேல் மென்மையான வழி நமக்குக் கிட்டவில்லை.

வண்டு தீண்டிய மலருக்கோ, கன்று குடித்தபின் கறந்த பாலைப் போல, தோஷமில்லை. எனவே துளசிக் கதிர்களை இலை பெருகுவதற்காகக் கிள்ளும்போது, நாலைந்தைத் தேனீக்கென்றும் விதைக்கென்றும் விட்டுவைக்கலாம். கார்த்திகை முடிவில் குண்டுமல்லியைக் கவாத்து செய்தால் பங்குனி முதல் அரும்பு கட்டும். அதே மாதங்களில் தேன்சிட்டு, சில வேளைகளில் துணிக்கொடியில்கூட, கூடு தொங்கவிடும். முட்டையிட்டுக் குஞ்சு பறக்க ஒரு மாதம் ஆகும். அதுவரை அக்கிளையில் பூப்பறிக்கப் போகாதிருப்பதே நலம். சித்திரை, வைகாசி வெயிலில் துளசிக்கு உச்சிவேளை நிழல் வேண்டும். பறவைக்கு வைக்கும் நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். மாற்றாவிடில் கொசு வளரும்.

தரை கிடைத்தவர்கள் மண்ணையும் பார்த்துக்கொள்க. மயிலையில் கடலை நெருங்க நெருங்க மணல் மிகும். எருவும் நீரும் தங்கா. தியாகராய நகரோ 1920களில் மாம்பல ஏரியிருந்த இடத்தில் எழுந்தது. அங்கே மழைநீர் வடிய வழி செய்த பின்னரே நட வேண்டும்.

பேயாழ்வாரின் செவ்வல்லியை வளர்க்க அகன்ற தொட்டியொன்று போதும். அடியில் களிமண், மேலே ஓரடி நீர், நாளுக்கு ஆறு மணி நேர வெயில். இரவில் மலர்ந்து மறுநாள் முற்பகலில் குவியும் மலர் இது. ஆதலால் விடியற்காலைத் திருவாராதனத்துக்கு ஏற்றது. நான்கு கப்பி மீன்களை விட்டால் கொசுப்புழுவை அவை பார்த்துக்கொள்ளும். தும்பிகள் தாமே வந்து சேரும்.

அயல்நாட்டு அடியார்கள் இக்கணக்கைத் தத்தம் ஊருக்கு மாற்றிக்கொள்க. லண்டனிலும் நியூஜெர்சியிலும் ஐப்பசியில் குளிர் தொடங்கிவிடும். திருத்துழாயை வீட்டுக்குள் வெயில்படும் சாளரத்தருகே கொண்டுவந்துவிட வேண்டும். சிட்னியில் உள்ளோர்க்கு அது வசந்தம். சதயத்தன்றே அவர்கள் வெளியில் நடலாம்.