வீட்டுக்கு எத்தனை நாய்?

இரண்டாவது நாய் பல வீடுகளுக்குத் திட்டமிட்டு வருவதில்லை. மழை இரவில் வாசற்படியோரம் ஒரு குட்டி நடுங்கிக்கொண்டிருக்கும். உறவினர் வீட்டுப் பெட்டை ஆறு குட்டி போட்டிருக்கும். வெளிநாட்டுக்கு மாறுதலாகிப் போகும் நண்பர் தன் லேப்ரடாரை "ரெண்டு மாசம் மட்டும் வச்சுக்கோங்க" என்று விட்டுப்போவார். மனம் இளகியிருக்கும் அந்த நேரத்தில் கணக்குப் பார்க்க வராது. பெரும்பாலான நாய்கள் பத்திலிருந்து பதின்மூன்று வருஷம் வரை நம்மோடு வாழும். ஆகவே, நம் வீட்டுக்கு எத்தனை என்பதை எந்தக் குட்டியின் முகத்தையும் பார்ப்பதற்கு முன்பே வீட்டார் கூடி முடிவு செய்துவிடுவது நல்லது. அப்படி உட்காரும்போது பயன்படும் குறிப்புகள் இவை.

1. அறைகளை எண்ண வேண்டாம், ஆட்களை எண்ணுங்கள். "எங்களுக்குப் பெரிய காம்பவுண்டு, நாலு நாய் வளர்க்கலாம்" என்பார்கள். காம்பவுண்டு நாயைக் குளிப்பாட்டாது, மாத்திரை கொடுக்காது. நாயைச் சங்கிலியில் பிடித்து நடக்கும் பலமும், தினமும் காலை மாலை அரை மணி நேரமும் உள்ள பெரியவர்கள் வீட்டில் எத்தனை பேர்? அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. எட்டாவது படிக்கும் மகன் "நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்வது உண்மையான ஆசைதான். ஆனால் ஐந்து வருஷத்தில் அவன் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவான், நாய்க்கு அப்போது நடுவயதுகூட முழுதாக ஆகியிருக்காது. எழுபது வயதுப் பாட்டியையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முப்பது கிலோ நாய் பூனையைக் கண்டு ஓர் இழுப்பு இழுத்தால் இடுப்பெலும்பு முறிந்துவிடும். என் அனுபவத்தில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு ஒன்றே போதும். பகலில் பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு இரண்டு. மூன்றாவதை நினைக்க, இரண்டு பேராவது முழுநேரமும் வீட்டில் இருக்க வேண்டும்.

2. நல்ல நாளை வைத்து முடிவெடுக்காதீர்கள். எல்லா நாயும் தின்று, விளையாடி, தூங்கும் நாளில் ஐந்தைக்கூடச் சமாளிக்கலாம். தடுப்பூசி முடியாத இரண்டு குட்டிகளுக்கு ஒரே வாரத்தில் பார்வோ வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வாந்தி, ரத்தப் பேதி, நான்கைந்து நாளுக்கு டிரிப்ஸ். யார் லீவு போடுவது, யார் வண்டி ஓட்டுவது, பின் சீட்டில் குட்டியை மடியில் வைத்துக்கொள்வது யார்? அந்த வாரத்தை எத்தனை நாயோடு தாண்ட முடியுமோ, அதுதான் உங்கள் வீட்டுக்கான எண்.

3. பார்வோவில் ஒரு குட்டியை இழந்த வீட்டில், துக்கம் தாளாமல் உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவராதீர்கள். அந்தக் கிருமி மண்ணிலும் சாக்கிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தரையை பிளீச்சிங் கரைசலால் கழுவி, படுக்கைத் துணிகளை எரித்துவிட்டு, டாக்டரிடம் கேட்டபின், ஊசிகள் எல்லாம் முடிந்த வளர்ந்த நாயாகப் பார்த்துக் கொண்டுவரலாம்.

4. செலவைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். இருபது கிலோ எடையுள்ள நாய்க்கு கடைத் தீவனம் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கிராம், மாதம் 9 கிலோ. மூன்று நாய் என்றால் 27 கிலோ. சோறும் கோழியும் வேகவைத்துப் போடுகிறவர்கள் அடுப்பையும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறேழு வாரத்தில் தொடங்கி நான்கு மாதம் வரை தொடர் ஊசிகள், மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, அதன்பின் வருஷா வருஷம். குட்டிக்கு மூன்று மாதம் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை பூச்சி மருந்து, வளர்ந்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இவை எதிலும் இரண்டாவது நாய்க்குத் தள்ளுபடி கிடையாது. மாட்டாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு கால்நடை மருத்துவமனைகளில் செலவு குறைவு. சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் பெரிய சிகிச்சைகளும் உண்டு. ஆனால் இரவு பதினொரு மணிக்கு நாய் மூச்சுத் திணறினால் எங்கே போவது என்பதையும் விசாரித்து எழுதி வையுங்கள்.

5. "பாவம், தனியா இருக்கு" என்பதற்காக மட்டும் இரண்டாவது நாய் வேண்டாம். நான் அதிகம் கேட்கும் காரணம் இதுதான், அதிகம் ஏமாற்றும் காரணமும் இதுதான். நீங்கள் கதவைப் பூட்டியதும் ஊளையிடும் நாய் பெரும்பாலும் உங்களைத்தான் தேடுகிறது, இன்னொரு நாயை அல்ல. துணைக்கு ஒன்று வந்தபின்பும் அது ஊளையிடும், புதிதாக வந்ததும் சேர்ந்துகொள்ளும். நாலைந்து நாள் மாலையில் கூடுதலாக இருபது நிமிஷம் நடத்திப் பாருங்கள், பகலில் பழகிய ஒருவரை வந்து பார்த்துப்போகச் சொல்லுங்கள். அதில் குறை தீர்ந்தால் அதற்கு வேண்டியிருந்தது உங்கள் நேரம். மற்ற நாய்களோடு தெருவில் மகிழ்ச்சியாக முகர்ந்து விளையாடும் நாய் வீட்டிலும் துணையை ஏற்கும் வாய்ப்பு அதிகம்.

6. முதல் நாய்க்கு ஒன்றரை, இரண்டு வயது ஆகட்டும். கூப்பிட்டால் வருவது, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காமல் இருப்பது, சங்கிலியை இழுக்காமல் நடப்பது ஆகிய மூன்றும் அதற்குப் படிந்த பிறகே அடுத்தது. புதிய குட்டி நல்லதையும் கெட்டதையும் மூத்ததைப் பார்த்துத்தான் கற்கும்.

7. ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டைச் சேர்த்து வாங்குவதை அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் பலர் தடுப்பார்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மனிதர் சொல்லைக் காதில் வாங்காது. தவிர்க்க முடியாமல் வாங்கிவிட்டால் தனித்தனியாகத் தூங்க வையுங்கள், தனித்தனியாக நடத்துங்கள், தனித்தனியாகப் பழக்குங்கள். அதாவது இரண்டு மடங்கு வேலை.

8. கடுவனும் பெட்டையுமாக, இரண்டுக்கும் கருத்தடை செய்து வளர்ப்பதுதான் இருப்பதில் அமைதியான ஜோடி. ஒரே வீட்டில் இரண்டு பெட்டைகள் முட்டிக்கொண்டால் அந்தப் பகை எளிதில் ஆறாது. இரண்டு கடுவன்கள் முறைத்துக்கொள்வது அதிகம், சமாதானமாவதும் உண்டு. கருத்தடை செய்யாத பெட்டை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், அது மூன்று வாரம் நீடிக்கும். அந்த மூன்று வாரமும் வீட்டுக் கடுவன் சாப்பிடாது, தூங்காது, தூங்கவும் விடாது. கதவை மறந்த ஒரு நிமிஷம் போதும், 63 நாளில் இரண்டு நாய் எட்டு நாய் ஆகிவிடும். கருப்பையில் சீழ் பிடித்துப் பெட்டை இறந்துபோகும் ஆபத்தும் கருத்தடையால் நீங்குகிறது. ஆபரேஷனுக்கு ஏற்ற வயதை டாக்டர் இனத்தைப் பார்த்துச் சொல்வார். அதற்குப் பணமும் மனமும் இல்லாத வீட்டுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று உறுதியாகவே சொல்வேன்.

9. இனங்கள் ஒத்துப்போகுமா என்று பாருங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டி வளர்ந்த இனங்கள். சின்னதாக ஒன்று குறுக்கே ஓடினால் துரத்தத் தோன்றுவது அவற்றின் ரத்தத்தில் உண்டு, அது உங்கள் பொமரேனியனாகவே இருந்தாலும். ராஜபாளையம் தன் எல்லையை எளிதில் பங்குபோடாது. அந்த வெள்ளை இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகளும் பிறக்கின்றன. தூங்கும்போது இன்னொரு நாய் மேலே வந்து விழுந்தால் அது திடுக்கிட்டுக் கடித்துவிடக் கூடும். குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து வாங்குங்கள். பெரிய உருவமும் குட்டி உருவமும் சேர்ந்த வீட்டில், ஆளில்லாத நேரத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு இருப்பது அவசியம். விளையாட்டில்கூடச் சின்னது நசுங்கிவிடும்.

10. பதினோரு வயது நாய் இருக்கும் வீட்டுக்குக் குட்டியைக் கொண்டுவந்து "இதுக்கும் தெம்பு வரும்" என்று எதிர்பார்க்காதீர்கள். மூட்டு வலியோடு படுத்திருக்கும் நாயின் காதைக் குட்டி கடித்து இழுக்கும். குட்டி ஏற முடியாத ஓர் இடம் மூத்ததற்கு ஒதுக்க முடிந்தால் மட்டும் யோசியுங்கள். இல்லையென்றால் அதன் கடைசி வருஷங்களை அதற்கே கொடுத்துவிடுங்கள்.

11. முடிவு செய்வதற்கு முன் ஒரு மாதம் பழகிப் பாருங்கள். விலங்கு நலக் காப்பகங்களில் பல, நாயைத் தற்காலிகமாக வளர்க்கத் தருகின்றன. இல்லையென்றால், ஊருக்குப் போகும் நண்பரின் நாயை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் வீட்டில் யார் எழுந்து நடத்துகிறார்கள், யார் நழுவுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். முதல் சந்திப்பு வீட்டுக்குள் வேண்டாம். இரண்டு பேர் ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, பொதுவான ஒரு தெருவில் சற்றுத் தள்ளித் தள்ளி ஒரே திசையில் நடந்துவிட்டு, பிறகு சேர்ந்து வீட்டுக்குள் நுழையுங்கள்.

12. சாப்பாட்டுத் தட்டுகள் தனித்தனி, வைக்கும் இடமும் தனித்தனி. எலும்பு கொடுப்பவர்கள் கதவைச் சாத்திவிட்டுக் கொடுங்கள். தண்ணீர்ப் பாத்திரம் மட்டும் நாய்களின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும், சித்திரை வெயிலில் இது மிக முக்கியம்.

13. சண்டை வந்தால் நடுவே கையை விடாதீர்கள். வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள், அல்லது பலகையையோ நாற்காலியையோ இடையில் தள்ளுங்கள், கனமான போர்வையைப் போடுங்கள். இரண்டு நாய்ச் சண்டையை ஒருவர் விலக்கலாம். மூன்று நாய் என்றால் மூன்றாவது தோற்பதன் மேல் பாயும், அங்கேதான் உயிர் போகிறது. உங்களுக்குக் கடி பட்டால், ஊசி போட்ட வீட்டு நாயாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

14. உண்ணிக்கு மருந்து போட்டால் எல்லா நாய்க்கும் ஒரே நாளில் போடுங்கள். ஒரு பெண் உண்ணி சுவர் வெடிப்பிலும் கதவுச் சட்டத்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒன்றை விட்டுவிட்டால் அடுத்த மாதம் எல்லாவற்றின் காதிலும் திரும்ப வரும், உண்ணிக் காய்ச்சலும் ஒன்று மாற்றி ஒன்றாக வரும்.

15. வாசலில் நீங்கள் சோறு வைக்கும் தெருநாய்களும் உங்கள் கணக்கில் உண்டு. காலையில் வந்து காத்திருக்கும் மணிக்கும் கறுப்பிக்கும் ஊசியும் கருத்தடையும் யார் செய்வார்கள்? நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். 2023ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களுக்கு உணவு வைக்க இடம் குறிப்பதைக் குடியிருப்போர் சங்கங்களின் பொறுப்பாக்கியுள்ளன. சங்கத்திடம் கேட்டு அந்த இடத்தில் வையுங்கள். வெளியே மூன்றைக் காப்பாற்றுகிறவர் உள்ளே ஒன்றோடு நிறுத்துவது நியாயமான முடிவு. அதில் குற்றவுணர்வு வேண்டாம்.

16. சட்டம். நாய் வளர்ப்பதை அடுக்குமாடிச் சங்கம் முழுதாகத் தடை செய்ய முடியாது என்பதை இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. அது எத்தனை வேண்டுமானாலும் வளர்க்கக் கிடைத்த அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குரைப்பும் நாற்றமும் பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுத்தால் அவர் பக்கமும் நியாயம் உண்டு. சென்னை மாநகராட்சியில் ஒவ்வொரு நாய்க்கும் உரிமம் வேண்டும், வெறிநோய் ஊசிச் சான்று இல்லாமல் அது கிடைக்காது. உங்கள் ஊர் மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் எண்ணிக்கை வரம்பு உண்டா என்று முன்பே கேளுங்கள். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று: ஒரு நாயைச் சகித்துக்கொள்ளும் வீட்டுச் சொந்தக்காரர் கிடைப்பார், மூன்றைச் சகிப்பவரைத் தேடி ஊரையே சுற்ற வேண்டிவரும்.

17. ஊர்ப் பயணம். ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள முதல் வகுப்பு ஏசியில் கூபேயையோ கேபினையோ முழுதாகப் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டுதான். காரில் போனால் பின் சீட்டில் எத்தனை நாய் நிம்மதியாகப் படுக்கும்? பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் போகும்போது உறவினர் ஒரு நாயை ஏற்றுக்கொள்வார், மூன்றை ஏற்கமாட்டார். தீபாவளியையும் நினையுங்கள். ஒன்று வெடிச்சத்தத்துக்கு நடுங்கத் தொடங்கினால் மற்றவற்றுக்கும் அது பரவும், அன்றிரவு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆள் வேண்டும்.

18. ஏற்கெனவே எண்ணிக்கை மிஞ்சிவிட்டதா? நகம் வளைந்து வளர்ந்திருப்பது, ஊசி அட்டையில் போன வருஷத் தேதி, ஒரு நாய் நேற்றுச் சாப்பிட்டதா என்று யாருக்கும் நினைவில்லாதது ஆகியவை அடையாளங்கள். முதலில் எல்லாவற்றுக்கும் கருத்தடை செய்யுங்கள். புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். பிறகு, வயதில் இளையதும் எளிதில் பழகுவதுமான ஒன்றுக்கு நல்ல வீடு தேடுங்கள். மூத்ததை அனுப்பாதீர்கள், அது புது இடத்தில் ஏங்கிப்போகும். தெருவில் கொண்டுபோய் விடுவது கொலைக்குச் சமம், அந்தத் தெரு நாய்கள் அதை உள்ளே விடாது. வாங்கிக்கொள்பவர் வீட்டை நேரில் போய்ப் பாருங்கள், இரவில் எங்கே கட்டுவார்கள் என்று கேளுங்கள். ஊசி அட்டையையும், அது படுத்துப் பழகிய துணியையும், வழக்கமாகத் தின்னும் தீவனத்தில் ஒரு வாரத்துக்கானதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, "ஒத்துவரலைன்னா எங்களுக்கே போன் பண்ணுங்க, வேற யார்கிட்டயும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.