மேட்டு நிலத்துப் பள்ளங்கள்

இங்கிலாந்தின் வடக்கே பெனைன் மலைகள் உள்ளன. அவற்றின் மேலே பரந்த மேட்டு நிலங்கள் இருக்கின்றன. அங்கே மரங்கள் குறைவு. புல்லும் குட்டைச் செடிகளும் அதிகம். குளிர்காற்று வீசும். செம்மறி ஆடுகள் மேயும்.

அங்கே பல இடங்களில் வட்டமான பள்ளங்களைப் பார்க்கலாம். பள்ளத்தைச் சுற்றி மண்மேடு இருக்கும். இவை எப்படி வந்தன? இவை பழைய நிலக்கரிக் குழிகள்.

குழி தோண்டிய விதம்

அங்கே நிலக்கரி அதிக ஆழத்தில் இல்லை. மக்கள் கிணறு போலக் குழி தோண்டினார்கள். கரி தெரிந்ததும் அடியில் சுற்றிலும் வெட்டினார்கள். குழியின் வாய் குறுகல். அடி அகலம். கோயில் மணி போல இருக்கும். அதனால் அதற்கு 'மணிக்குழி' என்று பெயர். மேலே உள்ள மண் சரியும் நிலை வந்தால் அதைக் கைவிடுவார்கள். பக்கத்திலேயே வேறு குழி தோண்டுவார்கள்.

பிறகு ஆழமான சுரங்கங்கள் வந்தன. கரியை மேலே தூக்கக் குதிரையைப் பூட்டினார்கள். அது செக்குமாடு போலச் சுற்றி வந்தது. குதிரை சுற்றிய வட்டத் தடம் சில இடங்களில் இன்றும் தெரிகிறது.

குழந்தைகளின் உழைப்பு

ஹாலிஃபாக்ஸ் ஊர்ப் பக்கம் சில சுரங்கங்களில் கரி அடுக்கின் கனம் இரண்டு அடிகூட இல்லை. பெரியவர்கள் நுழைவது கடினம். ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் இருட்டில் தவழ்ந்து கரி வண்டிகளை இழுத்தார்கள்.

1840-இல் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. குழுவினர் குழந்தைகளிடமே கேட்டார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் சொன்னதைக் குழுவினர் எழுதிக்கொண்டார்கள். 1842-இல் அது அச்சாகி வந்தது. படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். அதே ஆண்டு சட்டம் வந்தது. பெண்களும், 10 வயது நிரம்பாத சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்யக் கூடாது என்றது சட்டம்.

இன்று

டான் ஹில் என்ற மேட்டில் கடைசிச் சுரங்கம் 1929-இல் மூடப்பட்டது. தொழிலாளர் வீடுகள் இடிக்கப்பட்டன. அவர்கள் வந்துபோன விடுதி மட்டும் இன்றும் நிற்கிறது.

மூடிய சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் தர வேண்டும் என்று 1872-இல் சட்டம் வந்தது. அதற்கு முன் தோண்டிய பல குழிகளுக்கு வரைபடமே இல்லை. சில குழிகளின் வாயை மரப்பலகையால் மூடி மண் போட்டிருந்தார்கள். பலகை மக்கினால் நிலம் திடீரென உள்வாங்கும்.

குழந்தைகள் சொன்னதை எழுதினார்கள். சட்டம் பிறந்தது. குழி இருந்த இடத்தை எழுதவில்லை. ஆபத்து இன்றும் இருக்கிறது.

பேசிப் பார்ப்போம்

1. மணிக்குழியை ஏன் கைவிட்டார்கள்?
2. 1842-ஆம் ஆண்டுச் சட்டம் யாரைக் காத்தது?
3. உங்கள் ஊரில் மூடாத பாழுங்கிணறு உண்டா? அது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். ஊராட்சியில் கொடுங்கள்.