இலத்தீன் என்னும் திறவுகோல்

இராசபாளையத்திற்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், அய்யனார் கோவில் அமைந்துள்ளது. மலையினின்று இழிந்துவரும் ஓடை கோவிலின் அருகே பாறைகளைத் தழுவி ஓடுகின்றது. கரையில் மருதும் புங்கும் நாவலும் நிழல் பரப்புகின்றன. மரக்கிளைகளில் சாம்பல் நிற அணில்கள் தாவித் திரிகின்றன. அவ்வணிலைக் காக்கும் பொருட்டு 1988ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர் மலைப்பகுதி சரணாலயமாக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் அது மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று.

இக்காட்டில் உள்ள ஒவ்வொரு மரத்திற்கும் ஊரார் வழங்கும் பெயர் ஒன்று உண்டு. அறிவியலார் வழங்கும் பெயர் மற்றொன்றும் உண்டு. பின்னது இலத்தீன் மொழி வடிவில் அமைந்தது. நெடுந்தொலைவில் வாழ்ந்த உரோமரின் மொழிக்கும் நம் ஊர் ஓடைக்கரை மரத்திற்கும் என்ன தொடர்பு? அம்மொழியை உயர்நிலைப் பள்ளி மாணவர் கற்பதனால் விளையும் பயன் யாது? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

இலத்தீன், இத்தாலி நாட்டின் இலாத்தியம் என்னும் சிறு நிலப்பகுதியில் தோன்றிய மொழி. உரோமப் பேரரசு பரவியபோது அதுவும் உடன் பரவியது. பேரரசு வீழ்ந்த பின்னர் மக்கள் பேசிய இலத்தீன் இடந்தோறும் திரிந்து, இத்தாலியம், பிரெஞ்சு, இசுபானியம், போர்ச்சுக்கீசியம், உருமேனியம் முதலிய மொழிகளாயிற்று. இன்று அதனைத் தாய்மொழியாகப் பேசுவார் இலர். ஆயினும் கற்றோர் அதனைக் கைவிட்டாரல்லர். நியூட்டன் தம் புகழ்பெற்ற இயற்பியல் நூலை 1687இல் இலத்தீனிலேயே வெளியிட்டார். இத்தாலி, செருமனி முதலிய நாடுகளின் உயர்நிலைப் பள்ளிகளில் இன்றும் இலத்தீன் பயிலப்படுகின்றது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நம் நாட்டுப் பள்ளிகள் சிலவற்றிலும் அது கற்பிக்கப்பட்டது.

இனி, காட்டிற்குத் திரும்புவோம். கார் காலத்தில் வேலிகளிலும் காட்டோரங்களிலும் தீச்சுடர் போல் மலரும் காந்தளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதனைக் கார்த்திகைப்பூ என்பார் சிலர். கலப்பைக்கிழங்கு என்பார் சிலர். கண்வலிக்கிழங்கு என்பாரும் உளர். செடி ஒன்று, பெயர் பல. இதற்கு மாறாக, ‘பிரமி’ என்னும் ஒரே பெயரால் சில இடங்களில் வல்லாரையையும் வேறு சில இடங்களில் நீர்ப்பிரமியையும் குறிக்கின்றனர். இங்கே பெயர் ஒன்று, செடி இரண்டு. மருந்து செய்வோர் இவ்வாறு மயங்கினால் நேரக்கூடிய தீங்கு சிறிதன்று. காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சுடையது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும்.

இம்மயக்கத்தைத் தீர்க்க வழி கண்டவர்களுள் தலைசிறந்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு. அவர் 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு செடிக்கும் இரு சொற்களாலான இலத்தீன் பெயரை முறையாக வழங்கினார். பேசுவோர் இல்லாத மொழி காலத்தோடு திரிவதில்லை. எந்த ஒரு நாட்டாருக்கும் அது தனியுரிமை ஆவதுமில்லை. ஆதலின் அது எல்லா நாட்டு அறிஞர்க்கும் பொதுவாயிற்று.

அப்பெயர்களை மனப்பாடம் செய்வது மாணவர்க்குத் துன்பமாகத் தோன்றும். பொருள் அறிந்தாலோ அத்துன்பம் நீங்கிவிடும். காந்தளின் பெயர் ‘குளோரியோசா சுப்பெர்பா’ என்பது. ‘புகழ் மிக்கது, பெருமிதம் உடையது’ என்பது அதன் பொருள். பனையின் பெயர் ‘பொராசஸ் பிளாபெல்லிபெர்’. இதன் பின்சொல்லுக்கு ‘விசிறி தாங்கியது’ என்று பொருள். பனையோலையைக் கண்டவர்க்கு இதனினும் விளக்கம் வேண்டுமோ? மாமரத்தின் பெயர் ‘மாஞ்சிபெரா இண்டிகா’. பனையின் பெயரில் ‘தாங்குதல்’ எனப் பொருள் தந்த அதே வேர்ச்சொல்லே ‘பெரா’ என இங்கும் நிற்கின்றது. ‘மாங்காய் தாங்கியது, இந்தியாவிற்கு உரியது’ என்பது பொருள். முன்னுள்ள ‘மாங்கா’ என்பதோ தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் நம் சொல்லே! புங்கமரமும் ‘பொங்காமியா பின்னாட்டா’ எனத் தன் பெயரைச் சிறிதே மாற்றிக்கொண்டு இலத்தீனுள் புகுந்துள்ளது. அதன் இலைகள் இறகுபோல் அமைந்திருத்தலைப் ‘பின்னாட்டா’ என்னும் சொல் உணர்த்தும்.

நம் சொற்கள் அம்மொழிக்குள் எவ்வாறு சென்றன? இதற்கு விடை காண இம்மலையின் மேற்குச் சரிவிற்குச் செல்லவேண்டும். கொச்சியில் ஒல்லாந்தரின் ஆளுநராயிருந்த வான் ரீடு என்பவர், மலையாள நாட்டின் செடிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றைத் தொகுப்பித்தார். ‘ஓர்த்துசு மலபாரிக்குசு’ என்னும் அந்நூல், 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாம் நகரில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. செடிகளின் பெயர்களையும் மருத்துவப் பயன்களையும் எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர். அவர் கூறியவை போர்ச்சுக்கீசிய மொழியின் வழியாக இலத்தீனில் எழுதப்பெற்றன. லின்னேயசும் அந்நூலைப் பயன்படுத்திக்கொண்டார்.

ஆனால், அந்நூல் உருவாகத் துணைநின்ற நாட்டு மக்களால் அதனைப் படிக்க இயலவில்லை. நம் வைத்தியரின் அறிவு, நாம் அறியாத மொழியில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்தது. தாவரவியல் பேராசிரியர் மணிலால் நெடுங்காலம் உழைத்து ஆக்கிய முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு 2003ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. வீட்டின் செல்வம் வீட்டிலேயே இருப்பினும், பேழையின் திறவுகோல் இல்லாதவனுக்கு அது பயன்படுமோ? இலத்தீன் அத்தகைய திறவுகோல்.

அத்திறவுகோல் திறக்கும் பேழை இஃது ஒன்றே அன்று. வீரமாமுனிவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் இலத்தீனில் இயன்று, 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அக்காலத் தமிழர் எவ்வாறு பேசினர் என்பதை ஆராய்வோர்க்கு அது சிறந்த கருவூலம். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் ஆக்கித் தந்தவரும் அவரே.

இனி, இலத்தீன் கற்பது தமிழ் மாணவர்க்கு அரிதோ எனின், ஒரு வகையில் எளிதே எனலாம். ‘புவெல்லா’ என்றால் சிறுமி. ‘ரோசா’ என்றால் ரோசாப்பூ. ‘அமாத்’ என்றால் விரும்புகிறாள். ‘புவெல்லா ரோசாம் அமாத்’ என்றால், ‘சிறுமி ரோசாவை விரும்புகிறாள்’ என்பது பொருள். ‘ரோசா’ என்பதன் இறுதியில் சேர்ந்த மகர ஒலி, நம் ‘ஐ’ உருபின் தொழிலைச் செய்கின்றது. ஆதலின் சொற்களை முன்பின்னாக மாற்றினும் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் இவ்வாறு மாற்றினால் ரோசாவே சிறுமியை விரும்புவதாக முடியும்!

வினைச்சொல்லும் அத்தகையதே. ‘அமோ’ என்பது விரும்புகிறேன். ‘அமாசு’ என்பது விரும்புகிறாய். ஈறே இடத்தைக் காட்டுதலால் எழுவாயைக் கூறாமலும் விடலாம். வேறுபாடும் உண்டு. தமிழ் வினைமுற்றில் ஆண், பெண், அஃறிணை என்னும் பால் விளங்கும். இலத்தீனிலோ ‘அமாத்’ என்னும் ஒரே சொல் அவனுக்கும் அவளுக்கும் அதற்கும் பொதுவாகும். நாம் நாள்தோறும் எண்ணாமல் வழங்கும் தமிழின் நுட்பம், பிறமொழியோடு ஒப்பிடும்போதே நம் கண்ணுக்குப் புலனாகின்றது.

இவ்வுண்மைக்குத் தனிநாயக அடிகளாரின் வாழ்வே சான்று. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அவர் உரோமையில் இறையியல் பயின்று, இலத்தீனில் புலமை பெற்றார். பின்னர்த் திருநெல்வேலிச் சீமையில் உள்ள வடக்கன்குளத்தில் பள்ளிப் பணியாற்றியபோது தமிழிலக்கியத்தை முறையாகக் கற்கலானார். கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களை அறிந்திருந்தமையால், சங்கப் பாடல்களின் தனிச்சிறப்பு அவருக்குத் தெளிவாகப் புலப்பட்டது. அதனை உலகறியச் செய்வதையே தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டு, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடுவதற்கு அவர் காரணமானார்.

புதிய செடியொன்றைக் கண்டறிவோர் அதன் விளக்கத்தை இலத்தீனிலேயே எழுதவேண்டும் என்னும் விதி 2012ஆம் ஆண்டில் தளர்ந்தது. இப்போது ஆங்கிலத்திலும் எழுதலாம். எனினும் பெயர் மட்டும் இலத்தீன் வடிவிலேயே அமைதல் வேண்டும். நாளை நம் மலையில் எவரும் அறியாத பூவொன்றைக் காணும் பேறு உங்களுள் ஒருவருக்கு வாய்க்கலாம். அன்று அப்பூவிற்குப் பெயரிட இலத்தீன் அறிவு துணை செய்யும். ஊரார் வழங்கும் பெயரை அதனுள் பொதிந்து வைக்கத் தமிழறிவு துணை செய்யும். இரண்டையும் பெற முயல்வீர்களாக.