கை கழுவுதல் என்னும் கடமை

‘கை கழுவிவிட்டான்’ என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால், அவன் தன் பொறுப்பைத் துறந்து விலகிக்கொண்டான் என்று பொருள் கொள்கிறோம். ஆனால் நீரும் சோப்பும் கொண்டு உண்மையாகவே கைகளைக் கழுவுவது பொறுப்பைத் துறக்கும் செயலன்று; பொறுப்பை ஏற்கும் செயலாகும். நம் கை தொடும் உணவையும், தூக்கும் குழந்தையையும், பணிவிடை பெறும் நோயாளியையும் காக்கும் கடமை அச்சிறு செயலில் அடங்கியுள்ளது. இவ்வுண்மையை மருத்துவ உலகமே எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. அது கற்ற வரலாற்றை முதலில் அறிந்து, பின்னர் நம் இல்லத்திற்குரிய பாடத்தைக் காண்போம்.

வியன்னா நகரின் இரு பிரிவுகள்

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் இருந்த பொது மருத்துவமனையில் மகப்பேற்றுக்கென இரண்டு பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளாகப் பயிலும் பெண்களும் பயிற்சி பெற்றனர். 1846-ஆம் ஆண்டில் முதற்பிரிவில் 4,010 பிரசவங்களுக்கு 459 தாய்மார்கள் இறந்தனர். அதாவது நூற்றுக்குப் பதினொருவருக்கும் மேல். இரண்டாம் பிரிவிலோ 3,754 பிரசவங்களுக்கு 105 பேரே இறந்தனர். நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. பிரசவக் காய்ச்சல் என்னும் கொடிய நோயே இம்மரணங்களுக்குப் பெருங்காரணம். இவ்வேறுபாட்டை அறிந்திருந்த ஏழைப் பெண்கள், தங்களை முதற்பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று மன்றாடினர்.

அவ்வாண்டு அப்பிரிவில் உதவி மருத்துவராகப் பொறுப்பேற்றவர் இக்னாஸ் செமல்வைஸ். 1818-இல் ஹங்கேரியின் புடா நகரில் பிறந்தவர். ஒரே மருத்துவமனையில் இத்துணை வேறுபாடு ஏன் என்னும் வினா அவரை உறங்கவிடவில்லை. காற்றின் கேடு என்றனர் சிலர். இரு பிரிவுகளுக்கும் காற்று ஒன்றே. கூட்ட நெருக்கடி என்றனர் வேறு சிலர். இரண்டாம் பிரிவிலும் நெருக்கடி குறைவில்லை. பிரசவத்தின்போது பெண்கள் படுக்கும் நிலையையும் மாற்றிப் பார்த்தார், பயனில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பரான பேராசிரியர் யாகோப் கொலெட்ச்கா இறந்தார். பிரேத பரிசோதனை நடந்தபோது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அக்காயமே அவர் உயிருக்கு எமனாயிற்று. அவருடலில் காணப்பட்ட நோய்க்குறிகள், பிரசவக் காய்ச்சலால் இறந்த பெண்களிடம் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. செமல்வைஸுக்கு உண்மை விளங்கியது. மருத்துவர்களும் மாணவர்களும் காலையில் பிணங்களை அறுத்து ஆராய்ந்தபின் மகப்பேற்றுப் பிரிவுக்குச் சென்று தாய்மார்களைத் தொட்டுப் பரிசோதித்து வந்தனர். மருத்துவச்சிகளுக்கோ பிண ஆய்வு கிடையாது. மரணத்தை அறையிலிருந்து அறைக்குச் சுமந்து சென்றவை, நோய் தீர்க்க வந்த கைகளே.

ஒரு பாத்திரக் கரைசல்

1847 மே மாத நடுவில், பிரிவுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் கலந்த கரைசலில் கைகளைக் கழுவ வேண்டுமென அவர் விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம் ஜூனில் ஏறத்தாழ இரண்டாகக் குறைந்தது. 1848-ஆம் ஆண்டு முழுவதிலும் 3,556 பிரசவங்களுக்கு 45 பேரே இறந்தனர். புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. மாறியது கை ஒன்றுதான்.

இடையில் மற்றொரு பாடமும் கிடைத்தது. 1847 அக்டோபரில், கருப்பைப் புற்றுநோயால் சீழ் வடிந்த பெண் ஒருத்தி அங்குச் சேர்க்கப்பட்டாள். அவளைத் தொட்டபின் அக்கரைசலில் மீண்டும் கழுவாமலே அடுத்தடுத்த பெண்களைப் பரிசோதித்தனர். அப்போது பிரசவித்த பன்னிருவருள் பதினொருவர் மாண்டனர். நோய் பிணத்திலிருந்து மட்டுமன்று, உயிருள்ளோரிடமிருந்தும் கைவழியே பரவும் என்பது புலனாயிற்று. வாயிலில் ஒருமுறை கழுவினால் போதாது. ஒவ்வொருவரைத் தொடும்போதும் கை தூய்மையாக இருத்தல் வேண்டும் என்பது அன்றுமுதல் விதியாயிற்று.

செமல்வைஸ் பிறர்மீது மட்டும் குற்றம் சுமத்தவில்லை. பிண ஆய்வில் மிகுந்த ஆர்வத்தோடு ஈடுபட்ட தம்மால் எத்தனை பெண்கள் அகால மரணம் அடைந்தனரோ என்று தம் நூலில் மனம் நொந்து ஒப்புக்கொண்டார். அறியாமல் செய்த தீங்கும் தீங்கே என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒப்புதலுக்குத் துணிந்தவர் சிலரே. தம் கைகளே மரணத்திற்குக் காரணம் என்பதை ஏற்க அக்கால மருத்துவர் பலருக்கு மனம் வரவில்லை. அவரும் தம் கண்டுபிடிப்பை விரிவான நூலாக 1861-இல்தான் வெளியிட்டார். எதிர்த்தவர்களைக் கடுஞ்சொற்களால் சாடினார். இறுதியில் மனநோயாளர் விடுதி ஒன்றில் அடைக்கப்பட்டு, 1865 ஆகஸ்டில், தம் 47-ஆம் வயதில், புண்ணில் ஏற்பட்ட நச்சுத்தொற்றால் மறைந்தார். பிரசவக் காய்ச்சலுக்குக் காரணமான நுண்ணுயிரை லூயி பாஸ்டர் 1879-இல் எடுத்துக்காட்டியபோது, செமல்வைஸ் உயிரோடில்லை.

நம் இல்லத்திற்குரிய பாடம்

நம் கைகள் பிண அறையிலிருந்து வருவன அல்ல. எனினும் கழிப்பறைத் தாழ்ப்பாள், ரூபாய் நோட்டு, பேருந்துக் கம்பி, கைபேசி, குழந்தையின் துணி என ஒரு நாளில் நாம் தொடுவன எண்ணிலடங்கா. அங்கிருந்து கிருமிகள் நம் வாய்க்கும் கண்ணுக்கும், பிறர் உண்ணும் உணவுக்கும் செல்கின்றன. வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, ஒருவகை மஞ்சள் காமாலை, சளிக்காய்ச்சல் ஆகியவை பரவும் வழிகளுள் கையும் ஒன்று. சோப்பினால் கை கழுவும் வழக்கம் நிலைபெற்றால் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

நீர் மட்டும் போதாதா என வினவலாம். கிருமிகள் தோலிலுள்ள எண்ணெய்ப் பசையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் நீர் எண்ணெயோடு கலவாது. சோப்பின் மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பற்றி, அழுக்கைக் கிருமியோடு பெயர்த்தெடுத்து நீரில் விடுகிறது. கொழுப்புறை கொண்ட சில வைரஸ்கள் அதனால் சிதைந்தும் போகின்றன.

நம்மில் பலர் உண்பதற்கு முன் கையை நீரில் நனைத்துக்கொள்கிறோம். உண்டபின் எண்ணெய்ப் பசை போகச் சோப்புத் தேய்த்துக் கழுவுகிறோம். முறை தலைகீழாக உள்ளது! சோப்பு மிகவும் தேவைப்படுவது உண்பதற்கு முன்னரே.

கழுவ வேண்டிய வேளைகள்:

1. சமைக்கும் முன், பரிமாறும் முன், உண்ணும் முன், குழந்தைக்கு ஊட்டும் முன்.
2. கழிப்பறை சென்றபின், குழந்தையின் மலம் அகற்றியபின்.
3. இருமல், தும்மல், மூக்கு சிந்தியபின்.
4. நோயாளிக்குப் பணிவிடை செய்வதற்கு முன்னும் பின்னும்.
5. குப்பையை அகற்றியபின், வெளியிலிருந்து இல்லம் திரும்பியவுடன்.

கழுவும் முறை:

கைகளை நனைத்துக் குழாயை மூடிவிடுக. தேய்க்கும் நேரத்தில் நீர் வீணாக வேண்டியதில்லை. சோப்பைத் தடவி உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், விரல்நுனி, நகக்கண் என ஒவ்வொன்றாக இருபது வினாடிகளேனும் தேய்க்க வேண்டும். கட்டைவிரலும் நகக்கண்ணும் பெரும்பாலோர் மறந்துவிடும் இடங்கள். பின்னர் ஓடும் நீரில் கழுவுக. குழாய் இல்லையெனில் மற்றொருவர் செம்பினால் ஊற்றலாம். வாளிக்குள் கையை அமிழ்த்துதல் கூடாது. இறுதியில் தூய துணியால் ஈரத்தைத் துடைத்துவிடுக. ஈரக்கை கிருமிகளை எளிதில் பரப்பும். பலரும் துடைத்துத் துடைத்து ஈரமாகவே தொங்கும் துண்டு, கழுவிய பயனைக் கெடுத்துவிடும்.

ஆல்கஹால் கலந்த கைத்திரவம் பயணத்தில் உதவும். அதில் ஆல்கஹால் நூற்றுக்கு அறுபது பங்கேனும் இருத்தல் வேண்டும். கையில் அழுக்கோ பிசுக்கோ இருப்பின் அது பயன்தராது. வாந்தி, வயிற்றுப்போக்குக்குக் காரணமான சில கிருமிகளுக்கும் சோப்பும் நீருமே ஏற்றவை.

2020-இல் கோவிட் பெருந்தொற்று வந்தபோது வாயில்தோறும் சோப்பும் நீரும் வைத்தோம். அச்சம் நீங்கியதும் பல இடங்களில் அவை மறைந்தன. அச்சத்தால் வந்த பழக்கம் அச்சத்தோடு போய்விடும். பிறர்க்குத் தீங்கு நேரலாகாது என்னும் எண்ணத்தால் வந்த பழக்கமே நிலைக்கும். வியன்னாவின் மருத்துவர்கள் தீயவர்கள் அல்லர், உதவ வந்தவர்களே. நல்லெண்ணம் மட்டும் கையைத் தூய்மையாக்காது என்பதே அவ்வன்னையர் உயிர் கொடுத்துக் கற்பித்த பாடம். ஊட்டும் கையும் அணைக்கும் கையும் முதலில் கழுவிய கையாக இருக்கட்டும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. வியன்னாவின் இரு பிரிவுகளுக்கும் இடையே மரண எண்ணிக்கை வேறுபட்டது ஏன்?
2. 1847 அக்டோபர் நிகழ்ச்சி கற்பித்த புதிய பாடம் யாது?
3. வெறும் நீர் செய்ய இயலாத எதனைச் சோப்பு செய்கிறது?
4. நம் இல்லத்தில் உண்பதற்கு முன் சோப்பினால் கை கழுவும் வழக்கம் உள்ளதா? இல்லையெனில், இன்று அதனைத் தொடங்குவார் யார்?